ஓடி வரும் சரித்திரம்

ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமிடும் வழக்கத்தைத் தில்லி வந்த பின்னரும் நாம் விட்டோமில்லை. ஆண்டு முழுவதும் எண்ணெய் படிந்த கையோடு அப்பூஜையைச் செய்வோரும் இந்நகரில் உளர். அவர்கள் பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர்.

1964-இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை இங்கே பழைய கார்களின் பேரணியைத் தொடங்கிற்று. அதில் நம் உள்ளம் கவர்ந்தது ஒரு தீயணைப்பு வண்டி. 1914-இல் இங்கிலாந்தின் ஜான் மாரிஸ் கம்பெனி செய்தது அது. ஐதராபாத் நிஜாம் இரயில்வேயில் பணியாற்றியது. பின்னர்ச் சாணக்கியபுரி இரயில் அருங்காட்சியகத்தை அடைந்தது. அங்கே உறங்கிவிடாமல், பேரணியில் தானே ஓடியும் காட்டியது.

இத்தகைய வண்டிக்குப் புதிய உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. உரியவர் காஷ்மீரி கேட் கடைகளில் தேடுவார். கிட்டாவிடில் கடைசல் பட்டறையில் செய்விப்பார்.

ஆயினும், நகரத்தின் மூச்சும் பெரிதன்றோ? 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 15 ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடலாகாதென ஆணையிட்டது. 2021-இல் மத்திய அரசு வேறொரு விதி வகுத்தது. 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் கூடும் எஞ்சினும் பெருமாறுதலின்றி இருக்கும் வண்டிகள் தனிப் பதிவு பெறலாம், பேரணிக்கும் கண்காட்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் செல்லலாம், அன்றாடம் ஓட்டலாகாது.

இரண்டும் நியாயமே. ஆனால் 15-க்கும் 50-க்கும் இடையிலுள்ள 35 ஆண்டுகளை ஒரு வண்டி எங்ஙனம் கடப்பது? பயனற்றதெனப் பிறர் நகைத்த நாளிலும் எவரோ விற்காது காத்தனர். அதனாலன்றோ சரித்திரம் இன்று நம் தெருவில் ஓடி வருகிறது!