21 என்று சொல்லிக் கொடுத்தேன், அது இப்போது தப்பு



போன மாதம் தாத்தா காலத்து வீட்டின் பின்கட்டை இடித்தோம். காரை உதிர்ந்ததும் உள்ளே இருந்த கல்லைப் பார்த்து, கொத்தனாரோடு வந்த இளைஞர், "என்ன சார், கல்லுக்குள்ள பூப்பூவா இருக்கு?" என்று கேட்டார். அது முருகைக்கல். கடலில் உயிரோடு வளர்ந்த பவளப்பாறை. பூ மாதிரித் தெரிந்த ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஒரு சின்னஞ்சிறு உயிரின் வீடு.

அன்று இரவு எனக்கு ஒரு பழைய பாடம் ஞாபகம் வந்தது. "மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே எத்தனை தீவுகள்?" என்று நான் கேட்டால், வகுப்பே "21" என்று கத்தும். மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. விரல் விட்டு எண்ண வைத்தேன். அந்த விடையை இன்று நானே திருத்த வேண்டியிருக்கிறது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. இப்போது தண்ணீருக்கு மேலே இருப்பவை 19.

நம் ஊர்ப் பக்கத்து நான்கைத் தெற்கிலிருந்து வடக்காகச் சொன்னால் வான் தீவு, காசுவார், விலாங்குச்சல்லி, காரைச்சல்லி. எதிலும் மனிதர் குடியில்லை. இவை மலை உச்சி கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற தீவுகள் அல்ல. ஆழமில்லாத கடலில் பவளம் வளர்ந்து, அதன் உடைந்த துண்டுகளும் மணலும் அலையால் ஒதுங்கி மேடானவை. சல்லி என்றால் உடைந்த கல் என்பது நமக்குத் தெரியும். பெயர்க் காரணம் எதுவானாலும், இந்தத் தீவுகளுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

இப்படிப்பட்ட தீவில் மணல் ஓரிடத்தில் நிற்காது. வாடைக்காற்று ஒரு பக்கம் கொண்டுபோகும், கச்சான் காற்று இன்னொரு பக்கம் தள்ளும். அப்படியும் தீவு நிலைத்திருக்கக் காரணம், சுற்றிலும் நீருக்குள் இருக்கும் பவளப்பாறைதான். அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அது. அருகிலுள்ள கடற்புல் வேரால் மணலைப் பிடித்து வைக்கிறது. பாறை வேலி, தீவு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலியைப் பிரித்தால் தோட்டம் என்ன ஆகும்?

நாம் வேலியைத்தான் பிரித்தோம். இந்தக் கடலின் சரித்திரத்தை எழுதியவர்கள் எல்லாரும் முத்தைப் பற்றி எழுதினார்கள். போர்ச்சுகீசியர், 1658இல் வந்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று எல்லாருக்கும் கண் முத்தின் மேல்தான். கல்லைப் பற்றிப் பேசியவர் குறைவு. ஆனால் கடற்கரை ஊர்களில் வீடு கட்டக் கல் வேண்டுமென்றால் முருகைக்கல். சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்பு வேண்டுமென்றால் அதே கல்லைக் காளவாசலில் சுட்ட சுண்ணாம்பு. பிறகு ஆலைகள் வந்தன. மூலப்பொருளாக வள்ளம் வள்ளமாகக் கல் வந்து இறங்கியது. கடப்பாரையால் பெயர்த்து எடுப்பதை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அது பலருக்குச் சோறு போட்ட தொழில். தப்பு என்று அன்று யாரும் சொன்னதில்லை, ஆசிரியராகி நானும் சொன்னதில்லை.

1986இல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் கிடைத்தது, புலிக்கு இருக்கிற அதே முதல் அட்டவணையில். அதன் பிறகே கல் எடுப்பது படிப்படியாக நின்றது. அதற்குள் போனது போனதுதான். பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும், சில வகைகள் அதுவும் இல்லை. போதாக்குறைக்குக் கடல்நீர் சூடாகிறது. 2016 கோடையில் ஏராளமான பவளம் வெளுத்துச் செத்தது.

காரைச்சல்லியின் கணக்கைப் பாருங்கள். 1969இல் 20.85 ஹெக்டேர், அதாவது சுமார் 51 ஏக்கர். 2024இல் 3.14 ஹெக்டேர், எட்டு ஏக்கருக்கும் குறைவு. ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். இப்படியே விட்டால் விலாங்குச்சல்லி போன வழியில் இதுவும் போய்விடும்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வான் தீவும் இதே நிலையில்தான் இருந்தது. 2015 முதல் அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது, தீவு கரைவது மட்டுப்பட்டது, அந்தக் கான்கிரீட்டில் பவளமும் மீனும் குடியேறின. இப்போது அரசு காரைச்சல்லிக்கும் உலக வங்கி உதவியுடன் அதே வழியைக் கையில் எடுத்திருக்கிறது. அங்கே இயற்கை இலவசமாகக் கட்டிக் கொடுத்ததை நாம் பெயர்த்து எடுத்தோம். இன்று கோடிக்கணக்கில் செலவழித்துக் கான்கிரீட்டில் கட்டுகிறோம். அதில் ஒரு சிறு பங்கு என் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

இடித்த கல்லில் ஒன்றை மட்டும் கழுவி மேசையில் வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது பிள்ளைகளை அழைத்து வாருங்கள், தொட்டுப் பார்க்கட்டும். "எத்தனை தீவு?" என்று நான் கேட்பேன். 19 என்று சொன்னால் பாதி மதிப்பெண். மற்ற இரண்டும் எங்கே போயின என்று சொன்னால்தான் முழு மதிப்பெண்.

உங்கள் ஆசிரியர்.