களைப்பின் குற்றவாளி யார்?

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு இறங்கும் தெருக்களில் காலை வேளையில் நடப்போர் நாட்டாமைகளைக் காணாதிருக்க முடியாது. லொறிக்கும் கிட்டங்கிக்கும் இடையே, கனத்த மூட்டைகளை முதுகில் ஏற்றி, ஓட்டமும் நடையுமாக அவர்கள் செல்கின்றனர். வெள்ளவத்தையில் ஒரு பாடசாலை மைதானத்தில் 400 மீற்றர் ஓடி முடித்த மாணவன் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் சரிகின்றான். "லக்ரிக் அமிலம் சேர்ந்துவிட்டது" என்கிறார் பயிற்சியாளர். நாட்டாமையின் மறுநாள் வலிக்கும் இதே விளக்கமே பலர் வாயில் வருகின்றது. இவ்விளக்கம் எங்கிருந்து வந்தது? அது யாருக்குப் பயன்பட்டது? இவ்விரு கேள்விகளையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் நம் கடனாகும்.

புளித்த பாலிலிருந்து இவ்வமிலத்தை 1780இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் சுவீடனில் வாழ்ந்த ஷீலே என்னும் இரசாயன அறிஞர். 1807இல் பேர்சீலியஸ் அதை விலங்குகளின் தசையிலும் கண்டார். நூறு ஆண்டுகள் கழிந்தபின், 1907இல், கேம்பிரிட்ஜில் பிளெச்சரும் ஹொப்கின்சும் தவளைத் தசையை ஆராய்ந்தனர். ஒட்சிசன் இன்றி உழைக்கும் தசையில் அமிலம் பெருகுகின்றது. ஒட்சிசன் கிடைத்ததும் அது குறைகின்றது என அவர்கள் நிறுவினர். இத்துறையில் மேலும் உழைத்த ஹில்லும் மயர்ஹோஃபும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றனர். தசை சுருங்குவதற்கே இவ்வமிலந்தான் காரணம் என்ற கருத்தும் அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. ஆனால் 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், அமிலம் உண்டாகாதபடி தடுக்கப்பட்ட தசையும் சுருங்கும் என்று காட்டினார். விஞ்ஞானம் தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்டது. எனினும் 'களைப்பின் நஞ்சு' என்ற பெயர் மட்டும் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது.

அப்பெயருக்குப் பின்னால் ஒரு சமூகக் கதையும் உண்டு. இத்தாலியின் மொஸ்ஸோ களைப்பைப் பற்றி எழுதிய நூல் 1891இல் வெளிவந்தது. களைத்த நாயின் குருதியை ஓய்ந்திருந்த நாய்க்கு ஏற்றினால் அதுவும் களைத்துவிடும் என்று அவர் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வைஹார்ட் இன்னும் ஒருபடி மேலே சென்றார். களைப்பின் நஞ்சைக் கண்டுவிட்டதாகவும், அதற்கு மாற்றுமருந்தும் தம்மிடம் உள்ளதாகவும் அவர் அறிவித்தார். அம்மருந்தை வகுப்பறைக் காற்றில் தெளித்து மாணவரைச் சோதிக்கவும் முற்பட்டனர்! களைப்பு ஒரு நஞ்சானால் ஊசியால் அதை ஒழித்துவிடலாம். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஆலை முதலாளிக்கு இதைவிட இனிய கனவு வேறு என்ன இருக்க முடியும்?

அக்கனவை வாழ்க்கையே உடைத்தது. முதலாம் உலகப் போரின்போது, 1915இல், வெடிமருந்துத் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராயப் பிரித்தானியா ஒரு குழுவை அமைத்தது. வேலை நேரத்தைக் குறைத்த இடங்களில் உற்பத்தி வீழ்ந்துவிடவில்லை, உயரவும் கூடும் என்பதை அதன் ஆய்வுகள் காட்டின. மருந்து தராத பலனை ஓய்வு தந்தது.

நம் கொழும்பு இதை வேறொரு வழியில் கற்றது. வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் 1933இல் கூலிப் பிரச்சினையை முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அவர்களோடு நின்றனர். ஆலை இயந்திரத்தின் வேகத்தோடு போட்டியிட்ட அக்கைகளின் களைப்பை எந்த ஆய்வுக்கூடமும் அளந்ததாக நாம் அறியோம். அதை அளந்தது அவர்களது ஒற்றுமையே. ஆலை இன்று இல்லை. அது நின்ற நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன.

இன்றைய விஞ்ஞானம் கூறுவது என்ன? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் 400 மீற்றர் தடையோட்டத்தை 51.8 வினாடிகளில் ஓடி இலங்கைக்கு வெள்ளிப் பதக்கம் பெற்றுத்தந்தார். அத்தகைய ஓட்டத்தில் ஒட்சிசன் வந்து சேரும் வேகம் தசையின் தேவைக்குப் போதாது. ஆகவே தசை குளுக்கோசை விரைந்து உடைக்கின்றது. லக்ரேற்றும் ஐதரசன் அயன்களும் பெருகுகின்றன. ஓய்வில் ஏறத்தாழ 7 ஆக இருக்கும் தசையின் பிஎச் 6.5 அளவுக்கு இறங்கக்கூடும். எரிவும் தளர்ச்சியும் தோன்றுவதில் இவ்வமிலத்தன்மைக்குப் பங்குண்டு. பொஸ்பேற்றுச் சேர்க்கைக்கும் பங்குண்டு. ஆனால் லக்ரேற்று நஞ்சன்று. இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாகக் கொள்கின்றன. ஈரல் அதை மீண்டும் குளுக்கோசாக்குகின்றது. ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு மீள்கின்றது. எனவே மறுநாள் வரும் வலி அதன் வேலையன்று. பழக்கமில்லாத சுமையாலும் இழுவிசையாலும் தசைநார்களில் நேரும் நுண்ணிய சிதைவின் விளைவே அது.

நாட்டாமையின் நாள்முழுக் களைப்போ இன்னும் வேறானது. வெயில், வியர்வையோடு போகும் நீரும் உப்பும், தசையின் சர்க்கரைச் சேமிப்புத் தீர்தல், குறைந்த உணவு, குறைந்த உறக்கம் ஆகியனவே அதன் வேர்கள். வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது எனச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. அதைப் புறக்கோட்டைத் தராசுகள் எத்தனை அறியும்?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! லக்ரிக் அமிலத்தைப் பாடத்தில் கற்பிக்கும்போது இவ்வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்போம். குற்றவாளிக் கூண்டில் நூறு ஆண்டுகள் நின்ற ஒரு மூலக்கூறை விஞ்ஞானம் விடுவித்துவிட்டது. அக்கூண்டில் இனி நிறுத்தப்பட வேண்டியவை மிகைச் சுமையும், நீண்ட நேரமும், குறைந்த கூலியுமேயாம்.