மேகத்துக்குள் ஒரு கணக்கு

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆகாய விமானம் ஓட்டலாம் என்பது இன்று அதிசயமான சங்கதி அல்ல. கம்ப்யூட்டரில் ஓடும் அந்த விளையாட்டை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 1982-லேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. இப்போதைய விளையாட்டில் பெரிய பெரிய ஜெட் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. பொத்தானைத் தட்டினால் அவை தாமே வழி கண்டுபிடித்துக்கொண்டு போகும். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 1930-களின் இரட்டைச் சிறகு விமானம் ஒன்றில் ஏறி, ரேடியோகூட இல்லாமல், திசைகாட்டியையும் கடிகாரத்தையும் மட்டும் நம்பிப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான்.

'காஸ் அடுப்பு இருக்கும்போது விறகை ஊதுவானேன்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் 1932-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி, லண்டனிலிருந்து கராச்சி வரை வந்துவிட்ட தபால் பையை ஒரு சின்ன 'புஸ் மாத்' விமானத்தில் ஏற்றிக்கொண்டு ஜே. ஆர். டி. டாட்டா புறப்பட்டார். ஆமதாபாத்தில் இறங்கி, அன்றே பம்பாய் ஜுஹு வந்து சேர்ந்தார். அங்கிருந்து சென்னைத் தபாலை நெவில் வின்ஸென்ட் என்ற விமானி ஏற்றுக்கொண்டார். வழியில் பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையில் கொண்டுவந்து இறக்கினார். பெல்லாரி அப்போது சென்னை ராஜதானியில் இருந்தது. விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழேயிருந்து வழி சொல்லவும் ஒருவரும் இல்லை. ஒற்றை எஞ்சினின் இரைச்சல், முழங்காலில் விரித்த தேசப்படம், மனத்துக்குள் ஓடும் கணக்கு: இவ்வளவுதான் துணை.

அந்தக் கணக்கு என்னவென்று கொஞ்சம் பார்க்கலாம். பெல்லாரியிலிருந்து சென்னைக்குப் படத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 265 மைல். கோடு தென்கிழக்காக ஓடும். ஏறக்குறைய 200-வது மைலில் திருப்பதி மலை வரும். டைகர் மாத் என்ற பழைய விமானம் மணிக்கு 85 மைல் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம். துணி போர்த்திய விமானம் எம்மாத்திரம்? தென்மேற்கிலிருந்து மணிக்கு 15 மைல் வேகத்தில் காற்று வீசினால் அது நம்மை இடப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். திசைகாட்டி முள்ளோ ஆடாமல் அசையாமல், 'சரியாகத்தான் போகிறாய்' என்று சாதிக்கும். இரண்டே கால் மணி நேரம் கழித்துத் திருப்பதி மலையைத் தேடினால், அது 30 மைலுக்கும் அப்பால் வலப்புறத்தில் எங்கோ இருக்கும். ஆகவே புறப்படும்போதே மூக்கைப் பத்து டிகிரி வலப்புறம் திருப்பி வைக்க வேண்டும். கண்ணுக்கு அது தப்பான திசையாகவே தோன்றும். கணக்கை நம்பிக் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு போக வேண்டும்.

விளையாட்டில் நிஜ உலகத்தின் அன்றைய காற்றையும் மழையையும் அப்படியே கொண்டுவந்து தருகிறார்கள். வழிகாட்டும் படத்தை அணைத்துவிட்டுப் பறந்து பார்த்தேன். சொன்ன நிமிஷத்தில் மேகத்தின் அடியில் மலைமுகடு கறுப்பாகத் தலை காட்டியதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! நான் இருக்கும் இடத்தை யந்திரம் எனக்குச் சொல்லவில்லை; நானே கண்டுபிடித்தேன். ஜி.பி.எஸ். வந்த பிறகு இந்தச் சந்தோஷம் மனிதனுக்கு அபூர்வமாகிவிட்டது.

இதில் மனத்தை உறுத்தும் விஷயமும் ஒன்று உண்டு. கணக்குப் பிசகினால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடலாம். அந்தக் காலத்து விமானிகளுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. அவர்களுடைய ஆபத்தை நாம் பொழுதுபோக்காக்கிக்கொள்வது தகுமா?

பொய் விமானம் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இதற்கு ஓரளவு சமாதானம் கிடைக்கிறது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாத்தியத்துக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி ஆடிச் சாயும் ஒரு விமானப் பெட்டியை 1929-ல் செய்து முடித்தார். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். 1934-ல் அமெரிக்க சர்க்கார், தபால் சுமக்கும் வேலையைத் தனியார் கம்பெனிகளிடமிருந்து பிடுங்கி ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. குளிர்காலம், இரவு, மேகம். மேகத்துக்குள் புகுந்தவனுக்கு மேல் எது, கீழ் எது என்று உடம்பு பொய் சொல்லும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அவர்களில் பலருக்குப் போதவில்லை. சில மாதங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகே ராணுவத்தார் லிங்க்கைத் தேடினார்கள். அவரைச் சந்திக்க நியூவார்க்கில் அதிகாரிகள் காத்திருந்த அன்று மூடுபனி. இனி எங்கே வரப்போகிறார் என்று அவர்கள் கிளம்ப இருந்த சமயத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டு அவர் வந்து இறங்கிவிட்டார். ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. பிற்பாடு உலக யுத்தத்தில் லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பெட்டியில்தான் பழகினார்கள்.

ஆக, நம் வீட்டு விளையாட்டுக்குப் பாட்டன் அந்தப் பெட்டி. வேடிக்கைப் பொருளாய்ப் பிறந்த அதற்கு மரியாதை தேடித் தந்தது தபால் பையோடு விழுந்த விமானிகளின் மரணம். பழைய விமானத்தைத் தேர்ந்தெடுத்து, பழைய முறையில் வழி பார்த்துப் போகிறவன், தெரிந்தோ தெரியாமலோ அவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறான். அவர்களுடைய பயத்தை அவனால் அனுபவிக்க முடியாது. அவர்கள் செய்த வேலை எத்தகையது என்பதை மட்டும் கையாலும் மூளையாலும் தெரிந்துகொள்கிறான். புத்தகத்தில் படித்து எனக்கு அது விளங்கவில்லை. பத்து டிகிரி திருப்பிய பிறகே விளங்கிற்று.

வின்ஸென்ட் 1942-ல், யுத்த காலத்து விமானப் பிரயாணம் ஒன்றில் உயிரிழந்தார். அவர் சென்னைக்குக் கொண்டுவந்த தபாலைப் பிரித்துப் படித்தவர்கள், கல்யாணச் செய்தியோ வியாபாரச் செய்தியோ பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்திருப்பார்கள். அது வந்து சேர்வதற்காக ஒரு மனிதன் வானத்தில் தனியாக உட்கார்ந்து எத்தனை கணக்குப் போட்டான் என்பது கடிதத்தில் எழுதியிருக்கவில்லை.