அகதியும் அன்சாரும்

அடைக்கலம் புகுந்தோரை நாம் ‘அகதி’ என்கிறோம். கதியற்றவர் என்பது பொருள். அரபு மொழியோ ‘முஹாஜிர்’, அதாவது நாடு துறந்து வந்தவர், என்றது. கி.பி. 622இல் அவர்களை ஏற்ற மதீனாவாசிகள் ‘அன்சார்’, உதவியோர், எனப் பெயர் பெற்றனர்.

1983 முதல் இலங்கைத் தமிழர் நம் கரை சேர்ந்தனர். திண்டிவனத்துக்குத் தென்கிழக்கே, விழுப்புரம் மாவட்டக் கடலோரத்துக் கீழ்புத்துப்பட்டு முகாம் அவர்களுட் பலருக்குப் புகலிடமாயிற்று. மாநில அரசு உதவித்தொகையும் அரிசியும் அளித்தது. அரசுப் பள்ளிகள் பிள்ளைகளை ஏற்றன. 2021 ஆகஸ்டில் இவை ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் பெற்றன; மாநிலமெங்கும் முகாம்களில் பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டும் அறிவிப்பும் வந்தது.

ஆயினும், குடியுரிமை இல்லாதார்க்கு ஊராட்சித் தேர்தலில் வாக்கில்லை. குடிநீரும் தெருவிளக்கும் அவர்கள் வேண்டலாம். முடிவு செய்யும் கிராம சபையில் உறுப்பினராக முடியாது. மதீனா தந்தது கூரை மட்டுமன்று, சகோதர உரிமையும்தான். பெயரை மாற்றிய நாம் அவ்வுரிமையையும் அளிப்பதே அன்சாரின் வழியாகும்.