கூவாகம்: கூத்துத் திரையிலிருந்து அழகிப் போட்டி மேடைக்கு

சென்ற வாரம் கல்வராயன் மலையில் இருந்தோம். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் கிடந்த அந்த மலைக் கிராமங்களின் கதையைப் பார்த்தோம். இந்த வாரம் மலையை விட்டு இறங்கி, அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்கு, உளுந்தூர்பேட்டை வட்டத்துக்குப் போகிறோம். அங்கே கூவாகம் என்று ஒரு சின்ன ஊர். சித்திரை மாதத்தில் பத்திரிகைகள் எல்லாம் அதைத் தேடி வரும். ஒரு பக்கம் தாலியறுத்து அழும் திருநங்கைகளின் படம், இன்னொரு பக்கம் கிரீடம் சூடிச் சிரிக்கும் 'மிஸ் கூவாகம்' படம் என்று இரண்டைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டாவது படத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பேரும் புகழும் வேண்டி மேடையேறும் இளம்பெண்களின் வரலாற்றில் அதற்கு உரிய பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

முதலில் அரவான். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த பிள்ளை. பாரதப் போரில் வெற்றி கிடைக்க, முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலி கொடுக்க வேண்டும் என்ற கதை வடமொழிப் பாரதத்தில் இல்லை. தமிழில் அது 9-ஆம் நூற்றாண்டின் பெருந்தேவனார் பாரத வெண்பாவிலேயே வந்துவிடுகிறது. பிறகு வில்லிபுத்தூரார். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்து, வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் பாரதம் பாடியவர். திருமுனைப்பாடி என்றால் வேறெங்கோ இல்லை, நாம் இந்தத் தொடரில் சுற்றிக்கொண்டிருக்கும் இதே நடுநாடுதான். ஆக, இந்த மண்ணுக்குப் பாரதம் சொந்தக் கதை. ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில், கோடையில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து.

சாவதற்கு முன் தனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று அரவான் கேட்டான், மறுநாள் சாகப்போகிறவனுக்கு எந்தப் பெண்ணும் கழுத்தை நீட்டவில்லை, கண்ணனே மோகினியாக வந்து மணந்தான் என்ற பகுதி மட்டும் பெரிய ஏடுகளின் தயவில் வாழவில்லை. கூத்தும் கோயில் வழக்கும்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. 'அரவான் கடபலி' கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், விடியும் வேளையில் அந்தப் பலிக்கட்டம் வரும்போது கூட்டத்தில் பெரியவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கூத்தைக் கவனிக்க வேண்டும். நம் வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் திரௌபதியும் சுபத்திரையும் மோகினியும் ஆண்கள்தான். மாலையில் ஒப்பனைக் கொட்டகைக்குப் போனால், கையளவுக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒருவர் அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார். ராஜ வேடக்காரர்களுக்குப் புஜக்கட்டை, மார்புக்கட்டை, கிரீடம் என்று கட்டி முடிக்க நேரம் பிடிக்கும். பெண் வேடக்காரருக்கு அந்தப் பாரம் கிடையாது. சவரி முடி, புடவை, கொஞ்சம் மணி, கண்ணுக்கு மை. அதனாலேயே வேலை கூடுதல். கட்டை தாங்கிப் பிடிக்காத இடத்தைக் குரலும் கழுத்தும் விரலும் நிரப்ப வேண்டும். திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கியதுமே இது நல்ல பெண் வேடமா இல்லையா என்று முன்வரிசைக் கிழவிகள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

கம்பெனி நாடகத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முழுக்கச் சிறுவர் கம்பெனி. பையன்களே ஸ்திரீபார்ட். ஔவையாராக நடித்த டி.கே.சண்முகத்துக்கு ஔவை என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெண்ணாக நடித்த ஆணுக்கு ஊர் கொடுத்த மரியாதைக்கு இது ஒன்று போதும்.

ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். போக முடியாதவர்கள், புடவையே தன் உடை என்று உணர்ந்தவர்கள் எத்தனையோ பேர் எல்லாத் தலைமுறையிலும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஊரில் இடமில்லை. ஓடிப்போய் ஏதாவது ஒரு ஜமாத்தில், அதாவது திருநங்கைகளின் குழுவில் சேர்ந்து, அங்கே ஒரு மூத்த திருநங்கையைத் தாயாக ஏற்று மகளாகி, கடைகடையாகக் காசு கேட்டுப் பிழைத்தார்கள். வேடத்தைக் கைதட்டி ரசித்த அதே ஊர்தான் இவர்களைக் கல்லால் அடித்தது. தமிழ் மேடை வரலாறு எழுதியவர்கள் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அவர்களை வாசலில் நிறுத்தாத சாமி, கூவாகத்தில் கூத்தாண்டவர் என்ற பெயரில் கோயில் கொண்ட அரவான். சித்திரையில் கூழ் ஊற்றும் சாகை வார்த்தலோடு தொடங்கும் திருவிழா பதினெட்டு நாள். அதில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தாலி கட்டு. வரிசையில் வரும் ஒவ்வொருவர் கழுத்திலும் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுவார். திருநங்கைகள் மட்டும் கட்டிக்கொள்வதில்லை, வேண்டுதல் உள்ள சுற்றுவட்டார ஆண்களும் கட்டிக்கொள்வார்கள். அன்று இரவு கோயிலைச் சுற்றிக் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தி, விடிய விடியக் கும்மி. புதன்கிழமை காலை தேர். அரவானின் திருவுருவ அங்கங்கள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தேரில் ஒன்று சேரும். தேர் பந்தலடி என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் தாலி அறுபடும், வளையல் உடையும், ஒப்பாரி எழும், வெள்ளைப் புடவை. கொத்தட்டை, பிள்ளையார்குப்பம், கோவை சிங்காநல்லூர் என்று கூத்தாண்டவருக்கு வேறு கோயில்களும் விழாக்களும் உண்டு. இந்தியா முழுவதிலிருந்தும் திருநங்கைகள் வந்து கூடும் இடம் என்ற பெயர் கூவாகத்துக்குத்தான்.

இந்தக் கூட்டத்தை அரசும் தொண்டு நிறுவனங்களும் முதலில் தேடி வந்தது கலைக்காக இல்லை. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் விழிப்புணர்வுப் பணியாளர்களுக்குச் சித்திரைக் கூவாகம் தவறவிடக் கூடாத இடமானது. கருத்தரங்கு, துண்டுப் பிரசுரம், கலை நிகழ்ச்சி. அந்தக் கலை நிகழ்ச்சிகளோடு வளர்ந்ததுதான் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டி. இன்றும் கடைசிச் சுற்றில் போட்டியாளரிடம் எய்ட்ஸ் பற்றியும் பொது அறிவு பற்றியும் கேள்வி கேட்பது அந்தப் பிறப்பின் தழும்பு.

போட்டி கூவாகத்தில் நடப்பதில்லை. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில்தான் பெரும்பாலும் மேடை. ரயிலும் லாட்ஜும் இருக்கிற ஊர் அதுதான். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, கோயில் இந்தப் பக்கம் வந்தது. மேடை அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

அந்த இரண்டு மூன்று நாளும் விழுப்புரம் லாட்ஜ்களில் அறை கிடைக்காது. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். கட்டில் முழுக்கப் புடவையும் லெஹங்காவும். ஒருத்தி உட்கார்ந்திருக்க, பின்னால் நின்று இன்னொருத்தி ஒட்டுமுடியைச் சேர்த்துப் பின்னி ஊசி செருகுவாள். வாயில் நாலு ஹேர்பின், பேச்சு நிற்காது. முன்னால் மூத்த ஒருவர், மகளின் மடிப்பை மண்டியிட்டுச் சரிசெய்து பின் குத்திக்கொண்டே, "நிமிர்ந்து நடடி, தரையப் பாக்காத" என்று திட்டுவார். பிறந்த வீட்டில் எந்தத் தாயும் செய்ய மறுத்த காரியம் அது. அந்த மண்டியிட்ட தாயைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

மேடையில் முதல் சுற்று நடை, உடை, பாவனை. அடுத்த சுற்றில் ஆள் குறையும். கடைசியில் கேள்வி பதில். மூன்று பேருக்குப் பரிசு, முதலாவது வந்தவருக்குக் கிரீடம். அடுத்த நாள் செய்தித்தாளில் படம். மைக்கை நீட்டும்போது பலர் சொல்லும் ஆசை ஒன்றுதான்: சினிமாவில் நடிக்க வேண்டும், மாடலாக வேண்டும்.

இந்த ஆசையைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு டி.பி.ராஜலட்சுமியை நினைவூட்ட வேண்டும். சிறுவயதுக் கல்யாணம் முறிந்து, நாடகக்காரி என்ற ஏச்சோடு வளர்ந்த திருவையாற்றுப் பெண். 1931-இல் 'காளிதாஸ்' படத்தில் தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி ஆனார். 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தானே இயக்கினார். குடும்பப் பெண்கள் கூசிய தொழிலுக்கு வந்த பெண்களை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. புகழ் என்ற ஒன்று, ஒதுக்கப்பட்டவளுக்கு வாடகை வீடு முதல் வங்கிக் கணக்கு வரை திறந்துவிடும் சாவி. விழுப்புரம் மேடையில் நிற்கிற பெண்ணுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் தேடுவது வெறும் பகட்டு என்று சொல்வது அநியாயம்.

ஆனால் சினிமா அவளுக்கு என்ன செய்தது? நெடுங்காலம் கேலிப் பாட்டுக்குப் பின்னால் கைதட்ட வைத்தது. 2000-இல் 'அப்பு' படத்தில் திருநங்கைப் பாத்திரம் கொடூர வில்லி, நடித்தது பிரகாஷ்ராஜ். 2015-இல் 'ஐ' வந்தபோது அதில் தங்களைக் காட்டிய விதத்தை எதிர்த்துத் திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படங்களிலும் வேடம் வேறு கைக்கே போனது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007-இல் நூலாக வந்து பல வாசகர்களை உலுக்கியது. அது கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்று படமானது. வித்யாவாக நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது. வித்யா நாடக நடிகை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-இல் 'சூப்பர் டீலக்ஸ்', ஷில்பா என்ற திருநங்கையாக விஜய் சேதுபதி. அவருக்கும் தேசிய விருது. இருவரும் தேர்ந்த நடிகர்கள், அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கூத்துக் கொட்டகையின் அந்தப் பழைய நிபந்தனை கேமரா வந்த பிறகும் அப்படியே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். பெண் வேடத்தைக் கட்டிக் கலைக்கத் தெரிந்தவருக்கு மரியாதை. கலைக்க வேடமே இல்லாதவளுக்கு அழைப்பு வருவதில்லை.

கதவை உடைத்தவர்கள் உண்டு. தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற மதுரை நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் தேடிப் போனது புகழை அல்ல, பதங்களையும் வர்ணங்களையும். அந்த உழைப்புக்குப் பின்னால் புகழ் தானாக வந்தது. 2008-இல் விஜய் தொலைக்காட்சியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சி தொடங்கியபோது, திருநங்கை ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள் வந்து அமர்ந்து குடும்பச் சிக்கல்களைப் பேசினார். தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். 2011-இல் 'நர்த்தகி' படத்தில் கல்கி சுப்ரமணியம் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். 2014-இல் கோவை லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். 'அருவி' படத்தில் அஞ்சலி வரதன், இயக்குநர் ராமின் 'பேரன்பு'வில் மம்மூட்டிக்கு இணையாக அஞ்சலி அமீர். 'பேரன்பு'வின் மீரா தமிழ் சினிமாவுக்கு ஒரு பெரிய மாற்றம். ஒருத்தி திருநங்கை என்பதே அங்கே கதையின் முடிச்சாக இல்லை, அவள் பொறுமையும் அன்பும்தான் கதை.

இவர்களில் எவரையும் கிரீடம் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நடனம், எழுத்து, படிப்பு, நாடகக் குழு என்று ஏதோ ஒரு பயிற்சி முதலில் கையில் இருந்தது. மிஸ் கூவாகம் மேடைக்கு இதுவரை வாய்க்காதது அந்தத் தொடர்ச்சிதான். பரிசு கொடுக்க வரும் சினிமாக்காரர்கள் குத்துவிளக்கு ஏற்றி, வாழ்த்திப் பேசி, படம் எடுத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வென்றவள் சில மாதம் நேர்காணல் கொடுப்பாள். அடுத்த சித்திரையில் வேறொருத்திக்குக் கிரீடம். 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் திருவிழாவே இல்லாமல் போனபோது, வருடத்துக்கு ஒரு ராத்திரி கிடைத்துவந்த அந்த வெளிச்சமும் இல்லை. தாய்லாந்தின் பட்டாயாவில் 2004 முதல் நடக்கும் மிஸ் இன்டர்நேஷனல் க்வீன் போட்டியின் பின்னால் வருடம் முழுக்க ஓடும் ஒரு காபரே அரங்கம் இருக்கிறது. அங்கே மேடையேறுகிறவளுக்குச் சம்பளம் உண்டு. சுற்றுலாக்காரர்களுக்கான அந்த அரங்கில் குறைகள் நிறைய. இருந்தாலும் திங்கட்கிழமையும் வேலை இருக்கிறது.

ஒரு ராத்திரியோடு முடிந்துவிடாத மேடை நம் பக்கம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கரகாட்டக் குழுக்களில் திருநங்கைகள் ஆடுகிறார்கள். கூத்திலும் மெல்ல வரத் தொடங்கியிருக்கிறார்கள். வேடம் கட்டும் ஆண் கலைஞர்களின் வருமானமே மாசி முதல் ஆடி வரைதான் என்பதால் அங்கேயும் கூலி குறைவு. ஆனால் வாத்தியார் பாட்டு சொல்லிக் கொடுக்கிறார், அடவு திருத்துகிறார். அரங்கக் கலைஞர் அ.மங்கை போன்றவர்கள் 'கண்ணாடி கலைக்குழு'வின் திருநங்கைகளோடு சேர்ந்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களே நடிக்கும் நாடகங்களை உருவாக்கினார்கள். அங்கே எவரும் நடையை மதிப்பிட்டு மதிப்பெண் போடவில்லை, ஒத்திகைக்கு நேரத்துக்கு வரச் சொன்னார்கள்.

சினிமாவிலும் அப்படி ஓர் அழைப்பு வந்ததுண்டு. 2022-இல் கேரள அரசின் திரைப்பட விருதுகளில் பெண்கள், திருநர்களுக்கான சிறப்புப் பிரிவில் 'அந்தரம்' படத்துக்காக நேகா தேர்வானார். அவர் தமிழ்நாட்டுத் திருநங்கை. இயக்குநர் பி.அபிஜித் பல ஆண்டுகள் திருநர் வாழ்க்கையைப் படமெடுத்த பத்திரிகைப் புகைப்படக்காரர். அந்தப் பாத்திரத்துக்கு ஆண் நடிகர் ஒருவரை அவர் தேடவில்லை. படம் மலையாளத்தில்.