பெசஹா அப்பமும் தோராவின் இல்ல விதியும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி ஜெபாலயத்துக்கும், 1653 ஜனவரி 3 அன்று சுரியானிக் கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியப் பாதிரிமாரின் ஆளுகையை ஏற்பதில்லை எனச் சத்தியம் செய்த கூனன் குரிசுப் பள்ளிக்கும் இடையே நடந்து கடக்கும் தூரமே உண்டு. இவ்வளவு அண்மையில் வாழ்ந்த இரு சமூகங்களுள் ஒன்றன் பண்டிகை மற்றொன்றன் விசுவாசத்தில் பதிந்திருக்குமாயின், அண்டை வீட்டாரிடம் கண்டு கற்றதே அது என முடிவுகட்டுவது எளிது. நஸ்ராணிகள் எனப்படும் இச்சுரியானிக் கிறிஸ்தவர்கள் யூத வம்சத்தவரே என அதற்கும் அப்பால் செல்வோரும் உளர். இரண்டு முடிவுக்கும் பிரமாணம் போதாது. தோரா மலையாளக் கிறிஸ்தவனின் இல்லம் புகுந்தது வேதவாசிப்பின் வழியாக என்பதும், புகுந்தபின் அது அவனுக்கு ஈந்த பெருங்கொடை வீடும் ஓர் ஆராதனை ஸ்தானமே என்னும் உணர்வு என்பதும் என் துணிபு.

இரு சாராரிடையே தொடர்பு இருந்ததை மறுப்பதற்கில்லை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849இல் அளிக்கப்பட்ட செப்பேட்டில், கூபி, பகலவி எழுத்துக்களில் ஒப்பமிட்ட சாட்சிகளோடு எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டவர்களும் காணப்படுகின்றனர். ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் உரிமைக்கு யூதர் சாட்சி நின்றது அற்பமான செய்தியன்று. ஆயினும் வாணிகத்தில் சாட்சி நிற்பது வேறு, வழிபாட்டில் கொண்டு கொடுப்பது வேறு. கொச்சி யூதர் சிம்ஹத் தோரா நாளில் தோராச் சுருள்களை ஏந்தி ஜெபாலயத்தைப் புறத்தே சுற்றி வந்ததையும், நஸ்ராணிகள் பெருநாளில் முத்துக்குடைகளோடு பள்ளியை வலம் வருவதையும் அருகருகே வைத்து, பின்னதை முன்னதன் வழித்தோன்றல் என்பாருமுண்டு. இரண்டும் கேரளத்துக் கோயில் உற்சவத்தின் சாயல் பெற்றவை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பஸ்காவை நினைந்து நஸ்ராணிகள் வீட்டில் செய்யும் பெசஹா அப்பத்தின் செய்தி அத்தகையதன்று. பெரிய வியாழன் மாலையில் அரிசி மாவோடு அரைத்த உளுந்தும் தேங்காயும் சேர்த்து, சீரகமும் சின்ன வெங்காயமும் கூட்டி, புளிக்கவிடாமல் ஆவியில் வேகவைத்து, குருத்தோலை ஞாயிறன்று பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஓலையைக் கிழித்துச் சிலுவையாக அதன்மேல் இடுகிறார்கள். தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்து ஏலமும் சுக்கும் இட்டுக் காய்ச்சிய பெசஹாப் பாலும் உடன் இருக்கும். ஜெபம் முடிந்ததும் குடும்பத் தலைவர் அப்பத்தை முறித்துப் பாலோடு மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாகக் கொடுக்கிறார். மற்ற நாட்களில் கள் விட்டுப் புளிக்கவைத்த அப்பம் சுடும் அதே அடுக்களையில் அன்று புளிப்புக்கு இடமில்லை. குருவானவரும் இல்லை, பலிபீடமும் இல்லை.

இதனை யூதத்தெருவில் கற்றிருந்தால் அப்பம் கோதுமையாலன்றோ ஆகியிருக்க வேண்டும்! ரபிமாரின் விதிப்படி பஸ்காவுக்குரிய புளிப்பில்லா அப்பம் கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களாலன்றி அமையாது. அரிசி மாவு புளித்தாலும் அது விலக்கப்பட்ட புளிப்பாகாது. பஸ்காவுக்கென வீட்டையும் பாத்திரங்களையும் மிகுந்த கண்டிப்போடு சுத்தி செய்த கொச்சி யூதக் குடும்பத்தார் ஒருவரும் உளுந்து கலந்த இந்த அப்பத்தைத் தம்முடையதென ஒப்பியிரார். 325இல் நிசேயாச் சங்கம் உயிர்ப்புத் திருநாளை யூதர் கணக்கினின்றும் பிரித்தபின் நாளும் வேறாயிற்று. எனவே வேதத்தில் கேட்டதைத் தன் நிலத்து விளைபொருளால் நிறைவேற்றிய சமூகமொன்றன் கைவண்ணம் என்றே இதனைக் கொள்ளல் தகும். கிழக்குச் சுரியானி வழிபாட்டில் நிருபத்துக்கும் சுவிசேஷத்துக்கும் முன்பு தோராவும் தீர்க்கதரிசிகளும் வாசிக்கப்படும் முறைமை இருந்ததை இங்கே நினைத்தல் வேண்டும்.

இன்னும் வலிய சான்று ஒன்றுண்டு. யாக்கோபாயப் பள்ளிகளிலும் ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளிலும் குர்பானாவுக்குப் புளித்த அப்பமே வழக்கு. ஆகவே பெசஹா ஆசரிக்கும் அவ்வகைக் குடும்பத்தார், அன்றைய தினம் பள்ளியில் புளித்த அப்பத்தைக் கிறிஸ்துவின் சரீரமாகப் பெறுகின்றனர். வீட்டிலோ எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவின் புளியாத அப்பத்தை உண்கின்றனர். பழைய உடன்படிக்கை புதியதில் கரைந்து மறைந்துவிட்டது என்று கூறும் இறையியலாளர் இந்த ஒரு நாளின் நடைமுறைக்கு என்ன சமாதானம் கூறுவர்?

யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் பஸ்காவை ஒப்புவிப்பது வீட்டுக்காரனிடம். ஆரோனின் ஆசாரியத்துவம் அப்போது ஏற்படவே இல்லை. இறைச்சி வீட்டைவிட்டு வெளியே போகலாகாது. பிள்ளைகள் கேட்டால் பொருள் சொல்ல வேண்டும். சிறு குடும்பம் அண்டை வீட்டோடு சேர வேண்டும். அந்தந்த ஆண்டில் சாவு நிகழ்ந்த நஸ்ராணி வீட்டில் பெசஹா அப்பம் சுடுவதில்லை. உற்றாரும் அயலாரும் கொண்டுவந்து கொடுப்பர். விலக்குக்குக் காரணம் கேரளத்துத் துக்க ஆசாரமாகலாம். எந்த வீடும் அப்பமின்றி இருத்தலாகாது என்னும் கவலையோ தோராவின் கவலையே.

1806இல் கொச்சிக்கு வந்த ஆங்கிலிக்கன் குரு கிளாடியஸ் புக்கானன், சிவப்புச் சாயமேற்றிய ஆட்டுத்தோலில் எழுதிய தோராச் சுருளொன்றைப் பெற்றுச் சென்றார். அது கேம்பிரிட்ஜ் நூலகம் சேர்ந்தது, ஐரோப்பியப் படிகளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடவும்பட்டது. பயனுள்ள பணிதான், ஆனால் தோரா கிறிஸ்தவனை உருவாக்கிய விதத்தை அறியச் சுருளை மட்டும் ஆராய்ந்தால் போதாது. 1950களில் கொச்சி யூதருட் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்தனர். நாளடைவில், பொதுவழிபாட்டில் தோராவை வாசிப்பதற்கு வேண்டிய பத்து ஆடவரும் மட்டாஞ்சேரியில் இல்லாமற் போயினர். பஸ்கா இரவின் விருந்துக்கு அந்த எண்ணிக்கை வேண்டியதில்லை. யூதனாயினும் நஸ்ராணியாயினும், அதற்கு ஒரு வீடும், முறித்துக் கொடுக்க ஒருவரும், கேட்கப் பிள்ளைகளும் இருந்தால் போதும்.