மாலியை அடைந்த சோழி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. பர்மிய அரக்குப் பாத்திரங்கள், எனாமல் தூக்குகள், மரப் பல்லாங்குழிகள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு தாம்பாளம் நிறையச் சோழிகளையும் அங்கே காணலாம். சென்ற ஆண்டு அவற்றில் ஐம்பது வாங்கினேன். தாயம் ஆடுவதற்கு அல்ல, வகுப்பு எடுப்பதற்கு.

அருகிலுள்ள நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை என் பழைய மாணவி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஏதேனும் பேசும்படி கேட்டிருந்தார். முதல் நாள் கரும்பலகையில் 'ஆப்பிரிக்கா' என்று எழுதி, அதைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். சிங்கம், பாலைவனம், பஞ்சம், அடிமை, மண்டேலா என்று விடைகள் வந்தன. ஒரு பையன் தன் பக்கத்தில் இருந்த கறுத்த நிறத்துச் சிறுவனைச் சுட்டிக்காட்டினான். வகுப்பே சிரித்தது. சுட்டப்பட்ட சிறுவனும் சேர்ந்து சிரித்ததுதான் என்னை உறுத்தியது.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பாடநூல்களில் எகிப்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எட்டாம் வகுப்புப் புவியியலில் ஆப்பிரிக்கா ஒரு கண்டமாக வருகிறது. பாலைவனமும் ஆறுகளும் விலங்குகளும் அதில் உண்டு. வரலாற்றில் அது தனிப்பாடமாக வருவது ஒன்பதாம் வகுப்பில், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் காலனியாதிக்கத்தைப் பேசும் பாடத்தில். அப்பாடம் தேவையானது, மறுக்கவில்லை. ஆனால், ஒரு மனிதரை முதன்முதலாக அவர் வீடு கொள்ளை போன அன்று சந்திப்பவருக்கு, அவ்வீட்டில் அதற்கு முன் அடுப்பு எரிந்ததும் கணக்கு எழுதப்பட்டதும் தெரியவர வழியில்லை. கொள்ளை போவதே அவர் இயல்பு என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. ஆகவே, ஆப்பிரிக்கப் பேரரசுகளை நடுநிலை வகுப்புகளிலேயே, காலனியாதிக்கப் பாடத்துக்கு முன்பே அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், அரசர் பட்டியலிலிருந்து தொடங்காமல் பண்டங்களிலிருந்து தொடங்கினேன்.

சோழியை மேசைமீது பரப்பி, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "கடல்லேர்ந்து சார்" என்றார்கள். பழைய உலகத்துக்குச் சோழியைப் பெருமளவில் வழங்கியது மாலத்தீவு. மொராக்கோ நாட்டுப் பயணியான இபன் பதூதா 1340-களில் அத்தீவுகளில் நீதிபதியாகப் பணியாற்றினார். அதே காலகட்டத்தில் நம் மதுரைக்கும் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் அவருக்கு மனைவி வழியில் உறவினர். அந்த ஆட்சியின் கொடுமைகளையும் மதுரையைச் சூறையாடிய கொள்ளைநோயையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். பத்தாண்டுகளுக்குள், 1352-இல், அதே மனிதர் சகாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குச் சென்றார். அந்நாட்டில் வழிப்போக்கன் கள்வருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பாராட்டினார். அரசர் அனுப்பிய வரவேற்புப் பரிசு சில ரொட்டிகளும் இறைச்சியும் தயிருமாக இருந்ததைக் கண்டு சிரித்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அவர் தரும் இரண்டு விலைகள்தாம் என் பாடம். மாலத்தீவில் ஒரு தங்க தினாருக்கு 4 லட்சம் சோழிகள் கிடைத்தன. மலிவான காலத்தில் 12 லட்சம் வரை. மாலியிலோ ஒரு தினாருக்கு 1,150 சோழிகளே. பிள்ளைகள் வகுத்துப் பார்த்தார்கள். குறைந்தது 347 மடங்கு, அதிக அளவில் ஆயிரம் மடங்குக்கும் மேல். "அப்ப நடுவுல இருந்தவங்க எல்லாரும் ஏமாத்துனாங்களா சார்?" என்று ஒருவன் கேட்டான். நான் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது.

விடையை வரைபடத்தில் தேடினோம். மாலத்தீவிலிருந்து அரபிக்கடல், செங்கடல், எகிப்து, வட ஆப்பிரிக்கா, பிறகு ஒட்டகத்தின் முதுகில் சகாரா, இறுதியில் நைஜர் ஆற்றங்கரை. ஒவ்வொரு துறையிலும் சுங்கம், ஒவ்வொரு கட்டத்திலும் கூலி, மூழ்கும் கப்பலுக்கும் தாகத்தில் மடியும் ஒட்டகத்துக்கும் ஈடு, முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டி. இவ்வளவையும் தாங்கி ஒரு கிளிஞ்சல் போய்ச் சேர்ந்ததென்றால், மறுமுனையில் அதைச் சில்லறைக் காசாக ஏற்றுக்கொள்ளும் சந்தையும், அச்சந்தைக்குக் காவல் தரும் அரசும் இருந்திருக்க வேண்டும். பேரரசு என்ற சொல்லுக்கு எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மாலிக்கு முந்தைய கானாப் பேரரசின் வரி முறை இன்னும் சுவையானது. 1068-இல் எழுதிய அல் பக்ரி, நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் அரசர் ஒரு தினார் வாங்கினார் என்றும், வெளியே செல்லும் சுமைக்கு இரண்டு தினார் வாங்கினார் என்றும் கூறுகிறார். சுரங்கத்தில் கிடைக்கும் தங்கக் கட்டிகள் அரசருக்கு. தூளாகக் கிடைப்பது மக்களுக்கு. கட்டிகளும் வெளியே வந்தால் தங்கம் பெருகி மதிப்பிழக்கும் என்பதே காரணமாம். பண அளிப்பைக் கட்டுப்படுத்துவது என்று நாம் இன்று பெரிய சொல்லால் குறிப்பது இதைத்தான். அப்போது இங்கே வீரராசேந்திர சோழன் ஆட்சி. இரண்டே ஆண்டுகளில் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். ஓர் அரசர் சுங்கம் வாங்குகிறார், மற்றொருவர் நீக்குகிறார். இருவரில் யார் செய்தது சரி என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட வைத்தேன். மணி அடித்தும் ஓயவில்லை.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. 10-ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த இபன் ஹவ்கல், சகாராவின் தென்விளிம்பில் இருந்த அவுதகுஸ்து நகர வணிகர் ஒருவர், வடவிளிம்பில் இருந்த சிஜில்மாசா நகரத்தவருக்கு 42,000 தினார் தர வேண்டும் என்று எழுதப்பட்ட கடன் பத்திரத்தைத் தாம் பார்த்ததாகக் குறிப்பிடுகிறார். இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் இடையே நகரத்தார் அனுப்பிய உண்டியல்களைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இவர்கள். பணத்தை மூட்டையாகக் கட்டிச் செல்லாமல் ஒரு தாளை நம்பும் கலை பாலைவனத்திலும் இருந்தது என்றவுடன் அவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை.

மான்சா மூசாவைப் பற்றிப் பிள்ளைகள் காணொளிகளில் முன்பே பார்த்திருந்தார்கள். 'உலக வரலாற்றின் மிகப் பெரிய பணக்காரர்' என்ற பட்டத்தோடு அவர் இணையத்தில் உலா வருகிறார். 14-ஆம் நூற்றாண்டுச் செல்வத்தை இன்றைய டாலரில் சொல்வது எவ்விதப் பொருளும் இல்லாத கணக்கு. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். நடந்தது வேறு. 1324-இல் மெக்கா செல்லும் வழியில் கெய்ரோவில் அவர் வாரி வழங்கிய தங்கத்தால், ஒரு மிஸ்கால் தங்கம் 25 திர்ஹத்துக்குக் குறையாமல் விற்ற நிலை மாறி, 22-க்கு மேல் ஏறாத நிலை வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் விலை மீளவில்லை என்கிறார் அங்கே விசாரித்து எழுதிய அல் உமரி. திரும்பும் வழியில் கையிருப்பு தீர்ந்து, அதே கெய்ரோ வணிகர்களிடம் மூசா கடன் வாங்கினார். இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெண், "எங்க அப்பத்தா கேட்டா திட்டும் சார்" என்றாள்.

தென்கோடியில் உள்ள மகா சிம்பாப்வேயைக் கீழடியை வைத்தே விளக்கினேன். கீழடி எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் போய் வந்திருக்கிறார்கள். குழி, அடுக்கு, காலம் என்றால் என்னவென்று தெரியும். சாந்து பூசாமல் கல்லை அடுக்கி, ஏறத்தாழ 250 மீட்டர் சுற்றளவில், 11 மீட்டர் உயரம் வரை எழுப்பிய மதில் அது. 1871-இல் அதைக் கண்ட கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், ஷீபா நாட்டு அரசியோடு அதைத் தொடர்புபடுத்தினார். கறுப்பர்கள் கட்டியிருக்க முடியாது என்பது முன்முடிவு. 1905-இல் ராண்டல் மக்கைவரும், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அகழ்ந்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று நிறுவினர். ஆயினும் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு 1970-களிலும் அவ்வுண்மையை மழுப்பும்படி தொல்லியலாளர்களை நெருக்கியது. அங்கே சீனப் பீங்கானும் பாரசீகப் பாண்டமும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அப்பகுதிக்கு அக்காலத்தில் சென்ற மணிகளில் பெரும்பங்கு தெற்காசியாவிலிருந்து போனவை. மண்ணுக்கடியில் கிடைப்பது அரசியலாவதை, கீழடி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திம்புக்து நகரின் கையெழுத்துச் சுவடிகளையும் சொன்னேன். 2012-இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, குடும்பங்களும் நூலகர்களும் டிரங்குப் பெட்டிகளில் அடைத்துச் சுவடிகளைத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். எரிந்தும் களவு போயும் அழிந்தவை ஏறத்தாழ 4,000. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பெட்டிகளின் எடை புரியும்.

மரபு என்பது அருங்காட்சியகத்தில் மட்டும் இல்லை. 1957-இல் விடுதலை பெற்ற கோல்டு கோஸ்ட், பழைய கானாவின் பெயரைச் சூடிக்கொண்டது. அப்பேரரசு இருந்த நிலப்பகுதி வேறு, இன்றைய கானா வேறு என்பது அவர்களுக்கும் தெரியும். 1965-இல் அந்நாடு வெளியிட்ட நாணயத்தின் பெயர் 'செடி'. அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1980-இல் ரொடீசியா சிம்பாப்வே ஆயிற்று. மதிலில் கிடைத்த கல்பறவை கொடியில் ஏறியது. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆனதைச் சொல்லிக்கொடுத்த பிறகு இதைச் சொன்னால், பெயர் மாற்றத்தில் என்ன இருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. 1897-இல் பெனின் அரண்மனையிலிருந்து ஆங்கிலப் படை அள்ளிச் சென்ற வெண்கலச் சிற்பங்களில் சில அண்மையில் நைஜீரியாவுக்குத் திரும்பின. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதையும் உடன் சொல்லலாம்.

இகழ்ச்சியை நீக்கப் புகழ்ச்சியைப் பூசுவது ஆசிரியர்களுக்கு வரும் ஆசை. எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் பேரரசுகளில் அடிமை முறை இருந்தது. மாலியைப் பாராட்டிய இபன் பதூதாவே, திரும்பும்போது 600 அடிமைப் பெண்களுடன் சென்ற வணிகக் கூட்டத்தோடு சேர்ந்துதான் பாலைவனத்தைக் கடந்தார். என் மேசையில் இருந்த சோழிக்கும் அந்தக் கறை உண்டு. பின்னாளில் ஐரோப்பியர் மாலத்தீவுச் சோழியைக் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவில் இறக்கி, அதைக் கொடுத்தே மனிதர்களை வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்கச் சோழியையும் கொண்டுவந்து குவிக்க, சேமிப்பைச் சோழியாக வைத்திருந்த எளிய குடும்பங்களின் கையில் இருந்தது வெறும் ஓடாயிற்று. மான்சா மூசா கெய்ரோவில் தங்கத்துக்குச் செய்ததை, இவர்கள் நைஜர் கரையில் சோழிக்குச் செய்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்பவர்கள் அந்த வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்ததில்லை.

இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் புவியியல் பாடத்தோடு சேர்த்து நான்கு வகுப்பு நேரம் போதும். தமிழில் ஒரு சிறு துணைநூலும் ஒரு நல்ல வரைபடமும் வேண்டும். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களே இதைச் செய்துவிட முடியும்.

நான்காம் சனிக்கிழமை, அப்பத்தாவைச் சொன்ன அதே பெண் எழுந்தாள். "சார், நம்ம ஊர் வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்குதானே. அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு நம்மளப் பத்தி என்ன சொல்லிக்குடுப்பாங்க?"

பர்மியப் பாடநூலை நான் பார்த்ததில்லை என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து உழவர்கள் கடனை அடைக்க முடியாமல் போனபோது, 1930-களின் இறுதியில் கீழ்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார் நிறுவனங்கள் வசம் வந்திருந்தது. விரும்பி வாங்கியதல்ல, கடனுக்கு ஈடாக வந்தது என்பதையும், உழவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகள் அதை மாலியின் சோழி விலைக்குக் கீழே, அதே பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்.